பாசி உருண்டைக்கு நேரம் குறித்தவர்

குன்னூர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் நஞ்சப்பன். ஓய்வு பெற்ற அன்று விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அது அவர் தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். தோசை ஒரு பக்கம் வேகும்வரை அவரால் பொறுக்க முடியாது. பாலை அடுப்பில் வைத்த கையோடு, இன்னும் ஏன் பொங்கவில்லை என்று அடுப்பைத் திட்டுவார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்த மனிதர்.

போன ஆடியில் அவர் மனைவி சாரதாமணிக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் தீபாவளிக்குள் சரியாகிவிட்டன. பேச்சு மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. சொல் மனசில் இருக்கும். நாக்குக்கு வருவதற்குள் மலையேறும் லாரி மாதிரி திணறும். பேசப் பேசத்தான் வரும், அவசரப்படுத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

நஞ்சப்பன் அவசரப்படுத்தவில்லை. உதவி செய்தார். அவள் வாயைத் திறந்ததும், "தண்ணியா? இந்தா" என்பார். "கதவைச் சாத்தோணுமா? சாத்தியாச்சு" என்பார். பெரும்பாலும் சரியாகவே சொன்னார். அத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்கு இதுகூடத் தெரியாதா? அவர் சரியாகச் சொல்லச் சொல்ல, சாரதாமணி பேசுவது குறைந்துகொண்டே வந்தது. பொங்கலுக்கு வெறும் சைகை. மாசி பிறந்தபோது சைகையும் நின்றுவிட்டது.

வீட்டில் இரண்டு பேர். ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார், ஒருத்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இனி இப்படியேதானோ என்று நஞ்சப்பனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. அந்தப் பயத்தில்தான் தெய்வானையைத் தேடிப் போனார்.

தெய்வானைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வண்டிச்சோலைப் பக்கம் ஒரு தகரக் கூரை வீடு. காவி கிடையாது, ஆசனம் கிடையாது, ஸ்வெட்டரும் மப்ளரும்தான். கான்வென்டில் கணக்கு டீச்சராக இருந்தவர் ஒருநாள் வேலையை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "மணி அடிச்சுது, வெளியே வந்தேன்" என்றாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேர் போய் அவரோடு உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால் ஏதாவது சொல்வார். சில நாள் டீ மட்டும் கொடுப்பார். அதைக் குடித்துவிட்டு, மனசு லேசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போவார்கள்.

முளைத்து மூன்று இலை விடாத பெண்ணிடம் போய் என்ன கேட்பது என்று நஞ்சப்பனுக்குக் கூச்சம்தான். ஆனால் மாரியம்மனுக்கு வேண்டியாயிற்று, தைலமும் தடவியாயிற்று. வேறு வழியில்லை.

"அம்மணி, எஞ்சம்சாரம் என்கூடப் பேச மாட்டீங்கறா. அவ பேசோணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க," என்றவர், "சீக்கிரமா வேலை செய்யற வழியாப் பார்த்துச் சொன்னீங்கன்னா நல்லதுங்க," என்றும் சேர்த்துக்கொண்டார்.

தெய்வானை எழுந்து போய், அலமாரி மேலிருந்து ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே விரல்கணு நீளத்தில் சில சிவப்பு இறால்கள். நடுவே எலுமிச்சம்பழ அளவில் பச்சையாக ஓர் உருண்டை.

"இதைக் கொண்டுபோய் வீட்டுல வைங்கண்ணா."

"என்னங்க இது?"

"இறால். அது பாசி உருண்டை."

"மருந்துங்களா?"

"பாசி."

"இதை வெச்சு நான் என்ன பண்ணோணும்?"

"வெயில் படாத எடமா வைங்க. இறாலுக்குத் துளி தீனி போடுங்க. பாசியை எப்பவாவது ஒரு புரட்டு புரட்டி விடுங்க, எல்லாப் பக்கமும் வெளிச்சம் படணும். மத்தபடி பார்த்துட்டு இருங்க."

"எத்தனை நாளைக்குங்க?"

தெய்வானை டீ கிளாஸ்களைக் கழுவப் போய்விட்டார்.

தொட்டி சாப்பாட்டு மேசை மேல் இடம் பிடித்தது. எப்பவாவது என்றால் என்ன என்று நஞ்சப்பனுக்குப் புரியவில்லை. அவருக்குத் தெரிந்த நேரங்கள் எல்லாம் மணியும் நிமிடமும் உள்ளவை. ஆகவே காலையில் மேட்டுப்பாளையம் முதல் வண்டி கிளம்பும் நேரத்துக்கு ஒரு புரட்டு, மத்தியானம் கோத்தகிரி வண்டி வரும் நேரத்துக்கு ஒரு புரட்டு, சாயங்காலம் மஞ்சூர் வண்டிக்கு ஒரு புரட்டு என்று வைத்துக்கொண்டார். சாரதாமணியின் தையல் டேப்பை எடுத்து, உருண்டையின் சுற்றளவையும் அவ்வப்போது அளந்தார். சாரதாமணி அவரையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீ வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"வளரவே இல்லைங்க."

"எது?"

"பாசிதான். டேப் வெச்சுப் பார்த்தாச்சு. வந்தன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குது."

"அது அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு அரிசி அளவு வளர்ந்தாப் பெருசு."

"வருஷத்துக்கா!" நஞ்சப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "மண்ணு சரிஞ்ச ரோட்டுலகூட வண்டி அதைவிட வேகமாப் போகுமுங்க."

"எங்க போகணும் அதுக்கு?" என்று கேட்டார் தெய்வானை.

நஞ்சப்பன் யோசித்துப் பார்த்தார். பாசி போகவேண்டிய ஊர் எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. அந்த எரிச்சலில் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

சித்திரையில் ஒரு காலை எழுந்து பார்த்தால், பாசி உருண்டை தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கரண்டியால் அழுத்தினார். கீழே போன உருண்டை, கரண்டியை எடுத்ததும் மேலே வந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி வந்தது. நேரம் ஆகாமலே நிலையத்தை விட்டுக் கிளம்பும் டிரைவரைப் பார்த்தால் வருமே, அந்தக் கோபம் வந்துவிட்டது அவருக்கு. தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து, உருண்டையை ஒரு கூழாங்கல்லோடு சேர்த்துக் கட்டித் தொட்டிக்குள் இறக்கினார். அது அடியில் போய் உட்கார்ந்தது.

சாரதாமணி பக்கத்தில் வந்து நின்றாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் வாய் லேசாகத் திறந்தது.

"உன் நூலுதான். நாளைக்கே புதுசு வாங்கியாறேன், போ," என்றார் நஞ்சப்பன்.

வாய் மூடிக்கொண்டது.

கல்லைக் கட்டிய கதையை அவர் அந்த ஞாயிறு பெருமையாகவே சொன்னார். தெய்வானை கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். அது தியானம் இல்லை என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

"ஏண்ணா கட்டினீங்க?"

"மேல வந்துருச்சுங்க."

"வந்தா?"

"அதோட எடம் கீழ இல்லீங்களா?"

"வெளிச்சம் பட்டா உள்ள காத்து சேரும். அப்ப மேல வரும். அப்புறம் தானா எறங்கிரும்."

"எப்ப எறங்குமுங்க?"

"நீங்க கையை எடுத்தப்புறம்."

வீட்டுக்கு வந்து நூலை அறுத்துவிட்டார். உருண்டை மேலே வந்தது. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்துக் காவல் காத்தார். அது இறங்கவில்லை. பொழுது சாய்ந்தபோது அவருக்குக் கண் அசந்தது. முழித்துப் பார்த்தபோது உருண்டை அடியில் இருந்தது, ஓர் இறால் அதன் உச்சியில் ஏறி மேய்ந்துகொண்டிருந்தது. உருண்டை வேண்டுமென்றே தன்னைப் பழிவாங்குகிறது என்று நஞ்சப்பன் மனசார நம்பினார்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததுதான் அவரை உலுக்கிவிட்டது. மார்க்கெட்டுக்குப் போய்விட்டுக் காய்ப்பையோடு திரும்பியவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது.

"சாப்... பிடு. ஏன்... பயப்... படறே. நான்... தானே."

சாரதாமணியின் குரல். தொட்டியின் முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு சந்தைக்குப் போய்விட்டு வரலாம், அத்தனை இடைவெளி. ஆனாலும் பேச்சு. நஞ்சப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் காய்ப்பையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

"பேசறியே சாரதா! இன்னொருக்கா சொல்லு! எங்கிட்டச் சொல்லு, ம், சொல்லு!"

இறால்கள் பாசிக்குப் பின்னால் ஓடி ஒளிந்தன. சாரதாமணி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே மேடேறிப் போய் மூச்சு வாங்க நின்றார்.

"காலமெல்லாம் குடும்பம் நடத்தின என்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது. விரல்கடை இறால்கிட்ட உக்காந்து கதை பேசறா! அவளைப் பத்தி அதுக்கு என்னங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"அப்புறம்?"

"அவங்க பேசினப்ப இறால் என்ன சொல்லுச்சு?"

"இறால் என்னங்க சொல்லும்? ஒண்ணும் சொல்லாது."

தெய்வானை டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க அம்மணி!"

"நீங்களே சொல்லிட்டீங்களேண்ணா."

கிணற்றில் போட்ட கல்கூட ஒரு சத்தம் போடும், இவரிடம் அதுவும் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே நஞ்சப்பன் இறங்கி வந்தார். தொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தார். ஆனால் கொடுத்துவிட்டால், அவர் இல்லாத நேரத்தில் வீட்டில் கேட்கிற அந்த நாலு சொல்லும் போய்விடும். அதனால் அது மேசை மேலேயே இருந்தது. அவர் அடிக்கடி வெளியே போய் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டார். அப்படிக் கேட்பது கேவலமாக இருந்தது, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

வைகாசியில் மழை பிடித்துக்கொண்டது. பாசி உருண்டையின் அடிப்பக்கம் கொஞ்சம் பழுப்பாகியிருப்பதை நஞ்சப்பன் கண்டுபிடித்தார். மேட்டுப்பாளையத்தில் மீன் கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் போன் போட்டார். "உள்ள அழுக்கு சேர்ந்திருக்குமுங்க. தொட்டித் தண்ணியையே ஒரு மக்குல எடுத்து, அதுல லேசாப் பிழிஞ்சு விடுங்க," என்றார் கடைக்காரர். நஞ்சப்பன் காதில் 'பிழிஞ்சு' விழுந்தது. 'லேசா' விழுவதற்குள் போனை வைத்துவிட்டார்.

மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டார். உருண்டையை எடுத்தார். மழையில் நனைந்த ஸ்வெட்டரைப் பிழிகிற மாதிரி ஒரு பிழி பிழிந்தார். கறுப்பாகத் தண்ணீர் வந்தது. அதைக் கொண்டுபோய் முற்றத்துச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அடுத்த மக்கு மொண்டார்.

சாரதாமணி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். இழுத்தாள். வாயைத் திறந்தாள்.

"காப்பிதானே? நேரம் தெரியாதா எனக்கு? இதை முடிச்சுட்டுப் போட்டுத் தர்றேன், கையை விடு."

அவள் விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்க ஏதோ ஒரு சொல்லை மேலே கொண்டுவரப் பார்த்தாள்.

"தர்றேங்கறேனில்ல!" என்று கையை உதறிவிட்டு நஞ்சப்பன் இரண்டாவது பிழி பிழிந்தார்.

சாரதாமணி பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து மேசை மேல் ஓங்கி அடித்தாள். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவள் விரல் மக்கைக் காட்டியது.

கலங்கல் மெல்ல அடங்கியது. மக்கின் அடியில் தூசு மாதிரி எதுவோ துடித்தது. குனிந்து பார்த்தார். ஒவ்வொரு தூசுக்கும் இரண்டு கறுப்புப் புள்ளிகளாகக் கண் இருந்தது. எள்ளைவிடச் சின்னதாக இறால் குஞ்சுகள். பாசிதான் அவற்றுக்கு வீடு. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே பதுங்கி மேய்ந்துகொண்டிருந்திருக்கின்றன. தாய் இறால் வயிற்றடியில் முட்டை சுமந்ததை, ஒருநாள் முட்டைகள் காணாமல் போனதை, பாசி இழைகளுக்குள் ஏதோ அசைந்ததை எல்லாம் சாரதாமணி நாள்தோறும் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நஞ்சப்பன் சுற்றளவை மட்டும் பார்த்திருக்கிறார்.

முதல் மக்குத் தண்ணீர் எங்கே போயிற்று என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சாரதாமணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கதவுக்குத் தாழ் போட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் தெய்வானை வீட்டு வாசலில், தலையில் துண்டும் ஸ்வெட்டருக்குள் மக்குமாக நஞ்சப்பன் நின்றார். மழைத்தண்ணீர் உள்ளே விழாமல் மக்கை உள்ளங்கையால் மூடிப் பிடித்திருந்தார்.

"இந்தாங்க, பாருங்க," என்று மக்கைத் தரையில் வைத்தார். "பிள்ளையார் பிடிக்கப் போயிக் குரங்காப் போச்சு. மிச்சம் இருக்கறது இவ்வளவுதான். மத்ததெல்லாம் சாக்கடையில போச்சு. அவ கையைப் பிடிச்சு இழுத்தா, காப்பிக்குத்தான்னு நெனைச்சுத் தர்றேன்னுட்டேன். உள்ள குஞ்சு இருக்குமுன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?"

தெய்வானை குனிந்து மக்குக்குள் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"அதான் உங்க வீட்டுல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்துச்சேண்ணா."

"அவதான் சொல்லலையே!"

"சொல்லலையா?"

நஞ்சப்பன் வாயைத் திறந்தார். அவர் முன்கையில் சாரதாமணியின் விரல்கள் பிடித்த இடம் இன்னும் சிவந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். நேரம் தவறாத மனிதர், வெட்கம் பிடுங்கித் தின்ன, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மக்கையே பார்த்தார்.

"எந்தக் காலத்துலயும் இனி அவ எங்கிட்டப் பேச மாட்டா. நான் என்ன பண்ணட்டும்? அதையாவது நேராச் சொல்லுங்க," என்றார்.

"வீட்டுக்குப் போயி..." என்று ஆரம்பித்தார் தெய்வானை. அதோடு நிறுத்திக்கொண்டார்.

"போயி? மன்னிப்புக் கேக்கோணுமா?"

தெய்வானை மக்கைக் கால் படாத இடமாக நகர்த்தி வைத்தார்.

"கால்ல விழுந்தர்றேன், அதுக்கென்ன. இல்லை, புது இறால் வாங்கி விடோணுமா? கோயமுத்தூருக்கே போயி வாங்கியாறேன். தொட்டியைத் திருப்பிக் கொண்டாரணுமா? கதவை உடைக்கறதா? அவ தங்கச்சியை வரச் சொல்றதா?"

தெய்வானை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூரை மேல் மழை தடதடத்தது.

"டாக்டருகிட்டப் போறதா? சொல்லித் தொலைங்களேன் அம்மணி!"

மழைதான் பேசிக்கொண்டிருந்தது. நஞ்சப்பனிடம் இன்னும் இரண்டு மூன்று யோசனைகள் இருந்தன. அவற்றையும் சொல்லிப் பார்த்தார். அப்புறம் சொல்ல எதுவும் இல்லை. முதலில் கோபம் வந்தது, பிறகு அசதி வந்தது, அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. மக்கில் ஒரு குஞ்சு மெல்ல நீந்தி விளிம்புக்கு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

"...காப்பி போட்டுக் குடுங்க," என்று முடித்தார் தெய்வானை. "தர்றேன்னு சொல்லிட்டு வந்தீங்களே."

வீட்டுக்கு வந்ததும் மக்கைத் தொட்டிக்குள் பதமாகச் சாய்த்தார். பிய்ந்துபோன பாசி உருண்டையை மெல்ல உள்ளே விட்டார். அது ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு அடியில் போய்க் கிடந்தது. கை அதைச் சரிசெய்யத் துடித்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

இரண்டு டம்ளர் காப்பியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கதவைத் தட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. காப்பியில் ஆடை படிந்தது.

தாழ்ப்பாள் விலகியது. சாரதாமணி வந்து எதிரே உட்கார்ந்தாள். முதலில் தொட்டியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அவள் முகம் சுளித்தது. வாய் திறந்தது.

நஞ்சப்பனின் தொண்டையில் வார்த்தைகள் என்ஜினை ஓடவிட்டபடி வரிசை கட்டி நின்றன. திட்டப்போகிறாளா? குஞ்சுகளைப் பற்றிக் கேட்கப்போகிறாளா? தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லப்போகிறாளா? எதையும் கிளம்பவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு கோணியது. தான் சொல்லிவிட்டால் அவளுக்கு இந்தச் சிரமம் இல்லையே என்று துடித்தார். வெளியே மஞ்சூர் வண்டி ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"சக்..." என்றாள் சாரதாமணி. மூச்சை இழுத்துக்கொண்டாள். "சக்... கரை... போ... டல."

சர்க்கரை டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நஞ்சப்பனின் கை அதை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது.

அவள் உதடு மறுபடி குவிந்தது.

கை நின்ற இடத்திலேயே நின்றது. நஞ்சப்பன் ஒன்றும் சொல்லவில்லை.